கருப்பொருளும் உரிப்பொருளும்: மாணவர் ராக் காணொளிகள் பற்றி ஒரு நோக்கு

தொல்காப்பியர் அகப்பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மாவும் மரமும் பறையும் யாழும் கருப்பொருள். புணர்ச்சி, பிரிவு முதலான ஒழுக்கங்கள் உரிப்பொருள். ஒரு நிலத்துக்கு உரியவை மற்றொரு நிலத்தில் வந்து மயங்குவதை அவர் தடுக்கவில்லை. உரிப்பொருளுக்கு மட்டும் அந்த உரிமையைத் தரவில்லை. மரபை மீறுவோர்க்கு வாயிலும் திறந்துவைத்து, எந்த வாயில் வழியே போகலாம், எதன் வழியே போகலாகாது என்பதையும் சொல்லிவைத்த பேராசான் அவர். அந்த விதியை மின்கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் இசைக் காணொளிக்கு அளவுகோலாகக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம். தரட்டும். கைக்கு அகப்படும் வேறு எந்த அளவுகோலும் இத்தனை நன்றாகப் பொருந்தக் கண்டோமில்லை.

கல்லூரியில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் நால்வர் ஐவராய்ச் சேர்ந்து குழு அமைக்கின்றனர். தாமே பாட்டெழுதி, தாமே இசைத்து, கைப்பேசியாலோ இரவல் கேமராவாலோ படம் எடுத்து உலகின் முன் வைக்கின்றனர். பெற்றோருக்கு இதில் இரு நிலைகளே உண்டு. ஒன்று, படிப்புக் கெடுகிறதே என்ற கவலை. மற்றொன்று, பார்த்தவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டதும் உறவினர் அனைவருக்கும் அனுப்பிவைக்கும் பெருமிதம். கவிதையைப் படித்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதுபோல் இதைப் பார்த்துச் சொல்வாரைக் காணோம். இம்மலரில் அப்பணியை ஒருசிறிது செய்துபார்க்கலாம் என்பதே எம் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தைக் களைவோம். ராக் இசை நமக்கு அயலூர்ச் சரக்கு என்பார் உளர். பெங்களூரைப் பொறுத்தவரை அது அத்தனை உண்மையன்று. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைப்பாளையம் அமைத்தபோது அவர்களை ஒட்டி வந்து அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறியவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். வெள்ளையர் நடனக் கூடத்து வாத்திய ஒலியும் நம் கோயில் நாதசுர ஒலியும் அக்கம்பக்கத்துத் தெருக்களில் கேட்ட ஊர் இது. பின்னாளில் அரண்மனை மைதானத்தில் 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிகா என்று உலகக் குழுக்கள் வந்து பாடின. கிறைஸ்ட் கல்லூரி மாணவர்களிடையே 1996-இல் தோன்றிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் என்னும் குழு, ஆட்டோ ரிக்‌ஷாவையே தலைப்பிலேற்றி 2012-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. இந்த மண்ணில் வளரும் பிள்ளை கிதாரைத் தொடுவதில் வியப்பில்லை. தொட்டபின் என்ன செய்கிறான் என்பதே கேள்வி.

என்ன செய்கிறான்? எம் பார்வைக்கு வந்தவற்றை வைத்துச் சொன்னால், பெரும்பாலும் ஒன்றையே செய்கிறான். கட்டி முடியாத கட்டடம் ஒன்று, தூண்களுக்கிடையே நால்வர், நால்வருக்கும் கருப்புச் சட்டை. தலையை ஆட்டும்போது முடி பறப்பது மெதுவோட்டத்தில். பாடகனின் கண்ணுக்கு அருகே கேமரா. பின் கிதார் நரம்பில் விரல். பின் மீண்டும் கண். இடையிடையே எதையோ எண்ணி நடந்துசெல்லும் ஒரு பெண். முடிவில் மழை, அல்லது வாளித் தண்ணீரால் ஆன மழை. இவ்வகைக் காணொளிகளை ஆராய்ந்து 1992-இல் நூல் எழுதிய ஆண்ட்ரூ குட்வின் என்னும் அறிஞர், கலைஞரின் முகத்தை அண்மைக் காட்சியில் அடிக்கடி காட்டுவது இசைத்தட்டு நிறுவனங்களின் தேவை என்று சுட்டினார். முகம் பதிந்தால் தட்டு விற்கும். நம் மாணவனுக்கு விற்க வேண்டிய தட்டு ஏதுமில்லை. ஆயினும் அந்த நிறுவனம் தோளுக்குப் பின் நின்று ஆணையிடுவதுபோல் அவன் தன் முகத்தையே காட்டுகிறான்.

மரபைப் பின்பற்றியது குற்றம் என்று யாம் சொல்லவில்லை. அலுவலகக் கடிதத்துக்கு ஓர் அமைப்பு உண்டு. பொருள், பார்வை எனத் தொடங்கி வரிசை மாறாமல் செல்லவேண்டும். அந்த அமைப்புக்குள்ளேயே அழுத்தமாகக் கருத்தைச் சொன்ன எழுத்தர்களையும், அமைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத கடிதங்களைக் குவித்தவர்களையும் யாம் கண்டிருக்கிறோம். ஆகவே குறை அமைப்பில் இல்லை. குறை வேறிடத்தில்.

அந்தப் பாழ்க்கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1968-இல் தோன்றிய குழு பிளாக் சப்பாத். அதன் கிதார்க்காரர் டோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது எந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உடையவர் ஆதலின் நரம்பை அழுத்துவது அந்த வலக்கையே. பிளாஸ்டிக்கை உருக்கி விரற்கூடு செய்து மாட்டிக்கொண்டார். பின்னர் அழுத்த எளிதாகும்படி நரம்புகளைத் தளர்த்தினார். அந்தத் தளர்ச்சியிலிருந்து பிறந்த கனத்த, இருண்ட ஒலியே பிற்கால வன்ராக் இசைக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஆலைகள் மூடி ஊர்கள் வெறிச்சோடிய காலத்துப் பிள்ளைகள் பாழடைந்த ஆலையில் நின்று பாடினால், அந்த இடம் அவர்தம் தந்தையரின் வேலை போன இடம். அங்கே கருப்பொருள் உரிப்பொருளிலிருந்து முளைத்தது.

பெங்களூரின் கட்டி முடியாத கட்டடம் அதுவன்று. அடுத்த ஆண்டு அங்கே அடுக்கு வீடுகள் விற்பனைக்கு வரும். அது அழிவின் சின்னமாகாது, பணப்பெருக்கின் சின்னம். அதன் நடுவே நின்று உலகம் அழிந்துவிட்டதாகப் பிள்ளைகள் முழங்குகையில், பின்னணி முழக்கத்தை மறுத்துக்கொண்டே நிற்கிறது. உண்மையாகவே மூடப்பட்ட ஆலை இந்நகரில் இல்லாமற் போகவில்லை. 1961-இல் இங்கே தொடங்கப்பெற்று, நாடு முழுவதும் மணமகன்மாரின் மணிக்கட்டை அணிசெய்த எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பின்னி ஆலையின் சங்கொலியும் என்றோ நின்றது. அவற்றில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. அந்தப் பேரன்மார் அந்த மதிலருகே நின்று பாடியிருந்தால், அதே கருப்புச் சட்டையும் அதே தலையாட்டமும் பொருள் பெற்றிருக்கும். மரபை இம்மியும் மீறவேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும்.

வாயசைப்பு மற்றொரு மரபு. மின்கிதாரின் ஒலி ஒயர் வழியாகவோ அதற்கு ஈடான கருவி வழியாகவோ பெருக்கிக்குச் சென்றாக வேண்டும். மாணவர் காணொளியிலோ மலையுச்சியில் எவ்விதத் தொடர்புமின்றி அது முழங்கும். இதைக் கண்டு நகைக்கும் நாம், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி கணேசன் நாதசுரம் வாசிக்கும்போது நகைப்பதில்லை. வாசித்தவர்கள் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதை அறிந்தும் கன்னத்தின் உப்பலையும் கழுத்து நரம்பையும் கண்டு மெய்ம்மறக்கிறோம். பாவனை குறையாகாது, பாவனையில் உழைப்பின்மையே குறை. டிரம்ஸ் அடிக்கும் கை மேலெழும்போது ஒலி விழுந்தால் அது மரபு மீறலாகாது, சோம்பல்.

பாவனையையே உதறியவர் சிலர் உண்டு. இந்நகரத் தேசியச் சட்டப் பள்ளி மாணவர்கள் 1990களில் தொடங்கிய ராக் விழாவுக்கு ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ என்று பெயர். பீட்டில்ஸ் பாடல் ஒன்றின் நினைவு அது. அப்பாடலுக்கு 1967-இல் எடுத்த படத்தில் நால்வரும் பாடுவதாக நடிக்கவே இல்லை. திறந்தவெளியில் ஒரு பட்ட மரம். அதிலிருந்து ஒரு பியானோவுக்கு நரம்புகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. படம் சில இடங்களில் பின்னோக்கி ஓடுகிறது. பாடுவோர் பாடாமலேயே பாடல் கேட்கிறது. மாணவர் விழாவின் பெயரில் ஒரு மரபு மீறல் ஒளிந்திருப்பதை அங்கே ஆடிக் களித்தவருள் எத்தனை பேர் எண்ணிப்பார்த்தனரோ! அதற்கும் முன், 1965-இல், பாப் டிலன் லண்டன் சந்து ஒன்றில் நின்றுகொண்டு தன் பாட்டின் சொற்களை அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாய்க் கீழே போட்டதைப் படமாக்கினர். செலவு அட்டைக்கும் மைக்கும் மட்டுமே. மாணவர்க்குப் பணமில்லை என்பது சாக்கு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

பின்பற்றலும் மீறலும் ஒரே படத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காண விழைவார் 1991-இல் வெளிவந்த நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ படத்தைக் காணவேண்டும். சாமுவேல் பேயர் இயக்கியது. புறத்தோற்றத்தில் அது முழு மரபுப்படம். பள்ளி உடற்பயிற்சிக் கூடம், படிவரிசையில் மாணவர், ஆட்டக்காரியர், நடுவே குழு. ஆனால் எல்லாம் ஒரு முழம் விலகி நிற்கின்றன. கூடம் புகையும் பழுப்பும் படிந்து நோயுற்றதுபோல் காண்கிறது. உற்சாகமூட்ட வேண்டிய ஆட்டக்காரியரின் உடையில் அரசின்மையின் குறியான வட்டத்துக்குள் ஏ எழுத்து. கூட்டிப் பெருக்கும் பணியாளர் தன் துடைப்பத்தோடு தன்பாட்டில் ஆடுகிறார். படியில் அமர்ந்த பிள்ளைகள் முதலில் சலித்திருந்து, இறுதியில் இறங்கி வந்து கூடத்தையே கலைத்துவிடுகின்றனர். படப்பிடிப்பன்று அவர்களை நெடுநேரம் உட்காரவைத்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்ததில் அவர்கள் மெய்யாகவே சினந்திருந்தனர். அந்தச் சினமே திரையில் வந்தது. கருப்பொருள் அனைத்தும் மரபு. ஒவ்வொன்றும் சற்றே திரிந்தது. உரிப்பொருளாகிய இளையோர் வெம்மையோ நடிப்பன்று. எம் கருத்தில் இவ்வகையில் இதனை விஞ்சியது குறைவு.

இதற்கு நேர் எதிர்த்துருவம் 1985-இல் ரீப்ளேஸ்மெண்ட்ஸ் என்னும் குழு செய்தது. தொலைக்காட்சிக்குப் படம் வேண்டும் என்று நிறுவனம் நெருக்க, அவர்கள் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியைக் காட்டினர். பாடல் முழுதும் அந்தப் பெட்டிதான். கேமரா மெல்லப் பின்வாங்க, அருகே புகைபிடித்தபடி அமர்ந்து கேட்கும் ஓர் ஆள் தெரிகிறான், முகம் தெரிவதில்லை. முடிவில் எழுந்து பெட்டியை உதைத்துவிட்டுப் போகிறான். முகமும் இல்லை, முடியும் இல்லை, மழையும் இல்லை. கருப்பொருளை அறவே துறந்தும் உரிப்பொருள் எஞ்சி நிற்கும் என்பதற்கு இது சான்று.

தமிழுக்கு வருவோம். 2011 நவம்பரில் வெளிவந்த ‘கொலவெறி’ பாட்டை மறந்தாரில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதையே படமாகக் காட்டி, ஆடம்பரமின்மையை ஆடம்பரமாக்கிய உத்தி அது. இலக்கணப்படி சொன்னால் கைக்கிளை. நாடெங்கும் மாணவர்கள் அதைப் போலச்செய்து பார்த்தனர். அதில் தவறில்லை, ஆனால் காதில் ஒலிவாங்கி மாட்டிச் சிரிக்கும் கருப்பொருளோடு பெரும்பாலோர் நின்றுவிட்டனர்.

யாம் நீண்டு பேச விரும்புவது 2017 பொங்கலன்று வெளிவந்த ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ பற்றி. கபேர் வாசுகி எழுதியது, டி.எம். கிருஷ்ணா பாடியது, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. இது ராக் இசையன்றே என்று கேட்பீர். ஆம், ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடை, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி வழியே சிந்துபைரவியில் முடியும் ராகமாலிகை. கிதார் இல்லை, கருப்புச் சட்டை இல்லை. கச்சேரி மரபு பெரிதும் காக்கப்பட்டுள்ளது. மாறியவை இரண்டு. ஒன்று மொழி: சபா மேடை ஏற்காத சென்னைப் பேச்சு. மற்றொன்று நிலம்: சபையை விட்டு எண்ணூர்க் கழிமுகம், பின்னே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கீழே சாம்பல் கலந்த நீர். ஊர்ப் பொதுநிலத்தைக் குறித்த ஒரு சொல் எவ்வாறு வசைச்சொல் ஆயிற்று என்று பாடல் வினவ, அந்தப் பொதுநிலமே பாடகரைச் சூழ்ந்து நின்று விடை சொல்கிறது. மாணவர் காணொளியில் பாழ்வெளி ஓர் அலங்காரம். இங்கே பாழ்வெளி வழக்குரைக்க வந்த சாட்சி. கிதாரேந்திய பலரினும் ராக் இசையின் உரிப்பொருளுக்கு இக்கச்சேரி நெருங்கியது என்போம். சபா ரசிகர் இதை ஏற்பாரோ, ராக் ரசிகர் ஏற்பாரோ, இருவரும் ஏற்கமாட்டாரோ, அறியோம்.

மறுதலையாகவும் நிகழ்ந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் மின்கிதாரோடு சேர்த்தது. ராக் குழு என்றால் கிழிந்த காற்சட்டை என்பது மரபு. அவர்களோ கோட்டும் சூட்டும் அணிந்து நின்றனர். நன்றாய் உடுத்தும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கிழிந்த ஆடை கலகம் ஆகாது. மடிப்புக் கலையாத கோட்டே கலகம். அம்பேத்கரின் கோட்டை நினைவில் வையாதவர்க்கு அக்காட்சி பாதியே விளங்கும்.

இனி, இந்நகர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் செய்த ஒரு காணொளி. நால்வரும் மாணவர், பெயர் வேண்டா. நான்கு நிமிடம் ஓடுகிறது. மூன்றேமுக்கால் நிமிடம் மேலே சொன்ன கட்டடம், சட்டை, முடி, கண். ஒளியமைப்பு நன்று, வெட்டும் ஒட்டும் தாளத்தோடு பிசகாமல் விழுகின்றன, பாவனையில் உழைத்திருக்கின்றனர். பாடல் தனிமையைப் பற்றியது. எவருடைய தனிமை என்பது மட்டும் தெரியவில்லை. பின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. அதன் ஓரத்தில் சிறு கட்டமாக, பயிற்சி நாட்களில் எடுத்த சில காட்சிகள். அவற்றுள் ஒன்றில் அரசுக் குடியிருப்பின் பின்கட்டு அறை. டிரம்ஸின் மேல் பழைய போர்வைகளும் ஒரு கிழிந்த ஜமக்காளமும் போர்த்தியிருக்க, பையன் மென்மையாக அடிக்கிறான். இரவுப் பணி முடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் பகலில் உறங்குகிறார். எழுப்பினால் குடியிருப்புச் சங்கத்தில் புகார். பாடகன் குரலை எழுப்பாமல் உதட்டளவில் பாடுகிறான். கதவிடுக்கில் ஒரு கை வந்து தேநீர்த் தட்டை வைத்துவிட்டு மறைகிறது. பத்து நொடி. அவ்வளவே.

அந்தப் பத்து நொடியே படம் என்று அப்பிள்ளைகளிடம் சொன்னோம். அவர்கள் வியந்தனர், அது விளையாட்டாகச் சேர்த்தது என்றனர். ராக் இசையின் முதல் மரபு பேரொலி. அந்த ஒலியைப் போர்வையால் மூடி, அயலார்க்கு அஞ்சி, ஆனால் நிறுத்தாமல் வாசிப்பது, பிழைக்க வந்த ஊரில் குடியிருக்கும் வீட்டின் ஒலி. உரத்துப் பேசாதே, இது நம் ஊரன்று என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பாடல் தேடிக் காணாத தனிமை அந்த ஜமக்காளத்தின் கீழ் இருந்தது. ரீப்ளேஸ்மெண்ட்ஸ் ஒலிபெருக்கியைக் காட்டி ஓய்ந்தனர். இவர்கள் ஒலி எழாத டிரம்ஸைக் காட்டியிருக்கலாம். வாயசைப்பு மரபும் தலைகீழாகியிருக்கும்: திரையில் மெல்லத் தட்டும் கை, காதில் முழு முழக்கம். கலைஞன் உள்ளே கேட்பதும் ஊர் கேட்பதும் வேறு வேறு என்பதைச் சொல்லாமலே சொல்லும் காட்சி அது.

மொழி பற்றி அவர்களே கேட்டனர். பாடல் ஆங்கிலம், சங்க மேடைக்குத் தமிழில் மாற்றவேண்டுமா என்பது ஐயம். நால்வருள் இருவருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஒருவன் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசுபவன். கனவு எம்மொழியில் என்று கேட்டதற்குச் சிரித்தான். பாட்டை மொழிபெயர்த்தல் வேண்டா என்றோம். மொழிபெயர்த்தால் மேலும் ஒரு கருப்புச் சட்டைதான் கிடைக்கும். பயிற்சிக் காட்சியில், டிரம்ஸ் வாசிப்பவன் தாளம் தவறியதும் பாடகன் தமிழில் கடிந்துகொள்கிறான். கிதார்க்காரன் கன்னடத்தில் சமாதானம் சொல்கிறான். பின் மூவரும் ஆங்கிலத்தில் எண்ணி மீண்டும் தொடங்குகின்றனர். அந்த ஒலியை அழித்து மேலே இசையை ஒட்டியிருந்தனர். அதை மீட்டுப் பாட்டின் இடைவெளியில் வைக்கமுடியுமா என்று கேட்டோம். மூலப்பதிவு யாரிடமோ இரவல் வாங்கிய கணினியில் இருக்கிறதாம். தேர்வு முடிந்ததும் தேடிப்பார்ப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கின்றனர்.